யூதாஸ் வரியைப் பாடியவன்

"ஹலோ... கொஞ்சம் அந்த முணுமுணுப்ப நிறுத்தறீங்களா?"

ஜானட் திரும்பாமலேயே கேட்டாள். மாதா கோயில் மண்டபத்து வராந்தாவில், காலம் தப்பிப் பெய்த மழைக்கு ஒதுங்கி நின்ற எல்லோரும் அவரவர் பாட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் பக்கத்தில் நின்றவன் மட்டும் வாய்விட்டு எதையோ பாடிக்கொண்டே இருந்தான்.

"என்னாண்டயா சொல்றீங்க?"

"இல்ல, மழையாண்ட சொல்றேன். நான் உள்ள போய்ப் பாடணும். தாளம் எண்ணிகினு கீறேன், நீங்க நடுவுல பூந்து குழப்புறீங்க."

"பாட வந்த எடத்துல பாடக் கூடாதுன்றீங்க..."

"ஆமா."

"சரிங்க."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான். ஜானட்டுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டைக்கு வருவான் என்று நாலு பதில் தயாராக வைத்திருந்தாளே... ஓரக்கண்ணால் பார்த்தாள். நீல யூனிஃபார்ம் சட்டை தோள்வரை நனைந்திருந்தது. முடியிலிருந்து நீர் சொட்டியது. உதடு மூடியிருந்தது, ஆனால் கண் சிரித்தது. மழை வெளிச்சத்தில் அந்தக் கண் இத்தனை பளிச்சென்று இருக்கவேண்டிய அவசியம் என்ன? எண்ணிக்கொண்டிருந்த தாளம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

ராயபுரத்தில் அந்தக் கோயில் பங்குக்காரர்கள் வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் போடும், இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் முழுக்க முழுக்கப் பாட்டுதான். அதற்கான ஆள் தேர்வைத் தை மாதமே வைத்துவிடுவார்கள். ஜானட் கேட்டது ஒரே ஒரு வேஷம். இயேசுவின் பாதத்தில் வாசனைத் தைலம் ஊற்றிக் கூந்தலால் துடைத்துப் பாடுகிற பெத்தானியா மரியாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் வந்தாள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில் தடுமாறி, கூட்டத்தில் ஒருத்தியாகக் குருத்தோலை பிடித்து நின்றதுதான் மிச்சம். இந்தத் தடவையும் போனால் இனி இந்தப் படி ஏறுவதில்லை என்று கூட வந்த தோழி ரோசியிடம் சொல்லியிருந்தாள்.

அவளை விழவைத்த இடம், யூதாஸின் வரி.

மரியாள் தைலத்தை ஊற்றிப் பாடும்போது, விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் பதில் வரி பாடவேண்டும். எல்லோர் கையிலும் இருக்கிற பாட்டுத் தாளில் அந்த வரி இருக்கும், ஆனால் தேர்வு நாளில் யாரும் அதைப் பாடமாட்டார்கள். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் வேஷம் கட்டுகிறவனுக்குத் தபசு முழுக்கத் தெருவில் ஏச்சுதான். மீன் விற்கிற அம்மாக்கள்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போய்விடுவார்கள். யாரும் முன்வராததால் நாடகக்காரர்கள் எப்போதோ ஒரு விதி வைத்தார்கள். தேர்வு நாளில் எவன் வாயில் அந்த வரி வருகிறதோ அவன்தான் யூதாஸ். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் மண்டபமே வாயைப் பொத்திக்கொள்ளும். ஹார்மோனியம் மட்டும் வெறுமனே ஓடும். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எவன் தலையிலாவது கட்டுவார்கள்.

அந்த வெறும் இடத்தை மனசுக்குள் எண்ணி, சரியாக அடுத்த வரியை எடுக்கவேண்டும். ஜானட்டுக்கு அதுதான் வரவே வராது.

எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஹார்மோனியத்தின் முன்னால் பரசுராமன் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர்க்காரர். நெற்றி நிறைய விபூதியோடு வந்துதான் பாஸ்கா நாடகத்துக்கு மெட்டுப் போடுவார். பக்கத்தில் ஜானட்டின் அப்பா ஜார்ஜ். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ராயபுரத்தில் அவர் பெயர் பேதுரு ஜார்ஜ். எத்தனையோ வருஷமாக அந்த ஒரே வேஷம். இப்போது முட்டி போய்விட்டது, மண்டியிட்டு அழமுடியவில்லை. தன் அங்கியைப் போட ஒருத்தனைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஜெனிஷ்... விம்கோ நகர்" என்று மாஸ்டர் கூப்பிட்டார்.

எழுந்து போனது அந்த நீலச் சட்டைக்காரன்.

"கன்டெய்னர் யார்டுல கிரேன் ஓட்டுறாராம்டி," ரோசி காதைக் கடித்தாள். "மேல கேபின்ல குந்திகினு பாடுவாராம். வாக்கிடாக்கிய ஆஃப் பண்ண மறந்துட்டா யார்டே கேக்குமாம்."

ஆண்டவரை மறுதலித்துவிட்டு பேதுரு அழுகிற பாட்டைப் பாடினான். அந்தக் குரல்... ஐயோ, இதையா நிறுத்தச் சொன்னேன்? ஜானட்டுக்குக் காது சூடானது. வெளியே மழையும் கொஞ்சம் அடங்கிக் கேட்டதுபோல இருந்தது. ஜார்ஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாஸ்டர், என் அங்கி இந்தப் பையனுக்குத் தான்," என்றார்.

அடுத்தது ஜானட்.

*என்னிடம் உள்ளது இதுதான் ஐயா... இதையும் உடைத்தேன் உம் பாதத்திலே...*

நன்றாகத்தான் ஆரம்பித்தாள். வெறும் இடம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... எடுத்தாள். சீக்கிரம் எடுத்துவிட்டாள். மாஸ்டர் கையை நிறுத்தினார்.

"இன்னொரு தபா எடும்மா. அவசரம் இல்ல."

மறுபடி. இந்தத் தடவை காத்திருந்தாள்... காத்திருந்தாள்... ஹார்மோனியம் அவளைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ சிரித்தார்கள்.

"கடசி தபா," என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பாடினாள். வெறும் இடம் வந்தது. எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை எல்லாம் கரைந்து ஓடியது. போச்சு, இந்த வருஷமும் போச்சு...

*இத்தனை வாசமும் வீணாகலாமோ... ஏழைக்கு இதனை ஈந்தாலாகாதோ...*

மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். எங்கே முடிகிறது, எங்கே எடுக்கவேண்டும் என்று கைபிடித்துக் காட்டியது. ஜானட் யோசிக்கவே இல்லை.

*கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அன்பாகுமோ...*

பாட்டு முழுசாக முடிந்தது. ஜார்ஜ் வாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மரியாள் கெடச்சாச்சு," மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யூதாஸும் கெடச்சாச்சு."

"மாஸ்டர், பையன் புச்சு," ஜார்ஜ் பதறி எழுந்தார். "நம்ம விதி தெரியாம பாடிட்டான். அத்தப் போய்..."

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு எல்லாரும் வரட்டும். தெரியாம பாடிட்டேன்னு அவன் வாயால சொன்னா வுட்டுடலாம்."

மரியாள் வேஷம் கிடைத்த சந்தோஷத்தில் ஜானட் அன்று தூங்கியிருக்கவேண்டும். தூக்கம் வரவில்லை. தன்னால் ஒருத்தன் மாட்டிக்கொண்டானே என்று ஒரு பக்கம் உறுத்தல். வாயை மூடச் சொன்னவளுக்காக அவன் ஏன் வாயைத் திறந்தான் என்று இன்னொரு பக்கம். இரக்கமா? இல்லை, பாட்டு அரைகுறையாக நிற்பது பிடிக்காத பாட்டுக்காரன் புத்தியா? மறுநாள் திருவொற்றியூரில் தான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஏற்றுமதி பில்லில் தேதியைத் தப்பாக அடித்துத் திட்டு வாங்கினாள். எதையும் யோசிக்காமல் ஜன்னல் வழியே பார்த்தால், தூரத்தில் கிரேன்தான் தெரிந்தது. அது வேறு.

வியாழக்கிழமை மாலை வேலை முடிந்து திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினாள். உள்ளே ஓரத்தில் ஜெனிஷ். விம்கோ நகரிலிருந்தே உட்கார்ந்து வந்திருக்கிறான். இருந்த ஒரே இடம் அவன் பக்கத்தில்தான்.

"இன்னிக்குப் பாடல, பயப்படாதீங்க," என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. வண்டி நகரவே இல்லை. தூறல் சாரலாக உள்ளே அடித்தது, அவன் சத்தம் இல்லாமல் ஓரத்து பிளாஸ்டிக் படுதாவை இழுத்துப் பிடித்துக்கொண்டான். நனைந்தது அவன் கை மட்டும்தான்.

"அன்னிக்கு... தேங்க்ஸ்," என்றாள். "ஆனா நீங்க மாட்டிக்கினீங்க. அந்த வரிக்கு எங்க பங்குல ஒரு விதி கீது."

"ம்."

"ஞாயித்துக்கிழம கேப்பாங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. பேதுரு உங்களுக்குத் தான். எங்க டாடி அங்கிய இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிகினு கீறாரு."

"நான் யூதாஸ் ஆனா உங்களுக்கு இன்னா கஷ்டம்?"

"எனக்கு இன்னா கஷ்டம்... ஒண்ணும் இல்ல. ஊரு திட்டும். அவ்ளோதான்."

"ஊரு திட்னா உங்களுக்கு இன்னா?"

"ஐய... ஒரு நல்லது சொன்னா ஆயிரம் கேள்வி கேக்குறீங்களே. சொல்லிடுவீங்களா, மாட்டீங்களா?"

"பாக்கலாம்," என்றான். மறுபடியும் அந்தக் கண் சிரித்தது. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான், குடையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டது ஜானட்டுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. பூசை முடிந்து மண்டபம் நிறைந்தது. ஜார்ஜ் அங்கியை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"நேரா கேக்குறேன் தம்பி," என்றார் மாஸ்டர். "அந்த வரிய தெரிஞ்சு பாடுனியா, தெரியாம பாடுனியா?"

ஜானட் கையைப் பிசைந்தாள். தெரியாதுன்னு சொல்லு... ஒரு வார்த்தை...

ஜெனிஷ் அவளைப் பார்த்தான். பிறகு மாஸ்டரைப் பார்த்தான்.

"தெரிஞ்சு தான் மாஸ்டர். அன்னிக்கு வந்து எறங்கனதும் வாச்மேன் அண்ணன் சொன்ன மொத விஷயமே அதான். இன்னா வேணா பாடு, அந்த வரிய மட்டும் பாடிடாதன்னாரு."

மண்டபம் சலசலத்தது. ஜார்ஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா நைனா சொல்ற? அப்ப பேதுரு?"

"வேணாம் அங்கிள். யூதாஸ் போதும்."

ஜார்ஜின் முகம் சுருங்கிப்போனது. வாழ்நாள் முழுக்கக் கட்டிய வேஷத்தை ஒருத்தன் நாலு பேர் முன்னால் வேண்டாம் என்கிறான். "அவ்ளோ கலீஜா பூட்ச்சா என் அங்கி," என்று எழுந்தார். "ஜானட், வா வூட்டுக்கு. அவன் கூட நின்னு நீ பாட வேணாம். இந்த வருஷம் நாடகமே வேணாம்."

அங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டியபடி வெளியே போனார். கிடைத்த மரியாளும் போயிற்றா? ஜானட் நேராக ஜெனிஷிடம் போனாள். அவன் வராந்தாவுக்கு வந்திருந்தான்.

"ஏன் இப்டி பண்ணீங்க? எங்க டாடி மனச நோவடிச்சிட்டீங்க. நானும் நடிக்கக் கூடாதாம். இன்னா தான் வேணும் உங்களுக்கு?"

அவன் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை.

"அன்னிக்குப் பாடுனது உனக்காவ. நீ அழுதுடுவன்னு தோணுச்சு, தாங்கல. அப்ப வேற ஒண்ணும் நெனைக்கல. அப்பால மாஸ்டர் குடுத்த கதைய வூட்ல குந்தி முழுசா படிச்சேன் ஜானட். பேதுரு படகுல கீறாரு, மலையில கீறாரு, சேவல் கூவசொல்லோ தனியா அழுவுறாரு. மரியாளோட அவருக்கு ஒரு பாட்டு கெடையாது. மரியாளுக்கு எதுருல நின்னு, அவ மூஞ்சப் பாத்துப் பாடுறவன் யூதாஸ் மட்டும் தான்."

ஜானட் ஒரு அடி பின்னால் வைத்துத் தூணில் சாய்ந்தாள்.

"எனக்கு உன்ன புடிச்சிருக்கு," என்றான். "ஊரு திட்றது பெருசாத் தெரியல. ஒங்க டாடி மனசு நோவும்னு மட்டும் தெரியாம பூட்ச்சு. அது தப்பு தான். நான் போய் அவர் கால்ல வுழுறேன்."

ஒரு வாரமாக மண்டைக்குள் ஓடிய கேள்விகள் எல்லாம் சட்டென்று நின்றன. மனசு பட்ட பாடு உறுத்தல் இல்லை, இரக்கமும் இல்லை. இவன் வேறொருத்தியோடு பாடியிருந்தால் தாங்கியிருக்கமாட்டாள்... அதுதான் விஷயம். எவ்வளவு மக்கு நான், என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினாள்.

"டாடி, நில்லுங்க. நான் நடிக்கிறேன். அவரோட தான் பாடுவேன்."

"அவன் யூதாஸ்மா."

"தெரியும். உங்க அங்கி புடிக்காம இல்ல. பேதுருவுக்கு என்னோட பாட்டு இல்லன்னு தான் வேணாம்னாரு. எனக்கும் அவர புடிச்சிருக்கு."

ஜார்ஜ் மகளை மேலும் கீழும் பார்த்தார். "எப்பலேர்ந்து இது?"

"எனக்கே இப்ப தான் தெரியும் டாடி."

அவர் அங்கியை இன்னொரு கக்கத்துக்கு மாற்றினார். வராந்தாவில் தலைகுனிந்து நின்றவனைப் பார்த்தார். பிறகு கைகாட்டிக் கூப்பிட்டார். ஜெனிஷ் ஓடி வந்து காலைத் தொடக் குனிய, தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தபசு முடியற வரைக்கும் தெருவே உன்ன திட்டும். மார்க்கெட்ல, பஸ்ஸுல, எங்க போனாலும். ஒருத்தரயாவது மொறச்சன்னு என் காதுக்கு வந்துச்சு, எங்க வூட்டுப் பக்கம் தலவச்சுப் படுக்காத."

"மொறைக்காம இருந்தா அங்கிள்?"

"ஈஸ்டருக்குச் சாப்ட வா," என்று சொல்லிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய், "ஒங்கம்மா அப்பாவையும் இட்னு வா," என்றார் திரும்பாமல்.

ஜானட்டும் ஜெனிஷும் கேட்டருகே நின்றார்கள். கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வந்தது.

"எல்லாத்தையும் அவராண்டயே சொல்லிட்ட," என்றான் மெதுவாக. "என்னாண்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லல."

அவள் தரையைப் பார்த்தாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்... பிறகு நிமிர்ந்து, முதல்முறையாக அந்தக் கண்ணை விட்டு விலகாமல் பார்த்தாள்.

"புடிச்சிருக்கு," என்றாள். "ஊரு உன்ன திட்டசொல்லோ எல்லாம் பக்கத்துல நான் நிப்பேன்... போதுமா?"