முப்பத்திரண்டாம் பத்தி

அவள் தட்டியது முப்பத்தொரு பத்திதான். எண் முப்பத்திரண்டு வரை விழுந்திருந்தது.

ஜாமீன் மனு. உள்ளே இருப்பது அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வலிப்பு மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் ஆகிவிட்டது. நாலு மணிக்குள் மனு போகாவிட்டால் இனி திங்கட்கிழமைதான். அதுவரை அவன் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும்.

"நம்பரைக் கையால போட்டுக்கிட்டு இருக்காதம்மா," என்று கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வக்கீல் சொல்லியிருந்தார். "செத்துப்போன அக்கா மேக்ரோ பதிஞ்சு வச்சிருக்கு, ஒரு பட்டன்தான். பிரிண்ட் எடுத்துட்டு ஓடி வா."

அக்கா, இவளுக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த டைப்பிஸ்ட். எண் போடும் வேலையைத் தன் விரல்கள் செய்தபடியே கணினியில் பதிந்து வைத்தவள். பட்டனை அழுத்தினால் அந்தத் தட்டல்கள் வரிசை மாறாமல் திரும்ப ஓடும். பதிவை நிறுத்துவதற்குள் இதே மேசையில் தலை சாய்ந்துவிட்டாள் என்று ஆபீசில் பேச்சு.

பட்டனை அழுத்தியதும் கூடுதலாக விழுந்த முப்பத்திரண்டை அழித்தாள். திரும்ப வந்தது. மின்விசிறியின் கிறீச்சும், பழைய கேஸ் கட்டுகளின் மக்கல் வாடையும், ஜன்னல் கம்பிகளின் நிழல் மத்தியான வெயிலோடு மேசைமேல் நகர்வதும் எப்போதும் உள்ளவைதான். அவற்றுக்கு நடுவே, யாரோ நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாற்போல ஒரு வாசனை மூக்கில் ஏறியது.

எண்ணுக்கு அருகே எழுத்துகள் விழுந்தன.

32. ஃபேன் நின்னுபோச்சு.

நின்றது. கணினி மட்டும் ஓடியது.

33. கதவு திறக்க மாட்டேங்குது.

ஓடிப்போய் இழுத்தாள். அசையவில்லை.

பிரிண்ட் கொடுத்தாள். சேமிக்கப் பார்த்தாள். மேக்ரோ முடியும்வரை கணினி எதையும் கேட்பதாக இல்லை. பிளக்கைப் பிடுங்கினால் இது நின்றுவிடும். மனுவும் போய்விடும். பிளக்கில் வைத்த கையை எடுத்துவிட்டு அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தம்பிக்காகக்கா. அஞ்சு நிமிஷம் விட்டுருங்கக்கா."

34. நெஞ்சு வலிக்குது.

வலித்தது.

திரையின் அடியில் 'பதிவாகிறது' என்ற சொல் விட்டுவிட்டு எரிந்தது. அக்கா தலை சாய்ந்த அன்றிலிருந்து அந்தப் பதிவு நிற்கவே இல்லை.

35. தம்பிக்காகக்கா. அஞ்சு நிமிஷம் விட்டுருங்கக்கா.

தட்டியவை அவளுடைய விரல்கள். அவற்றின்மேல், சில்லென்று, இன்னும் பத்து விரல்கள்.

போன் அடித்தது. வக்கீல். மணி நாலு.

கன்னம் மெல்ல மேசையில் படிந்தது. விரல்கள் மட்டும் ஓயவில்லை.

36.