உம்மு காயிபின் ஈரத்துணி

கம்சீன் என்னும் பாலைக்காற்றின் புழுதி அலெக்சாண்ட்ரியாவை மூடிய நண்பகலில், ரிஹாப் அந்த வக்கீல் அலுவலகத்தின் படியேறினாள். வெளியே தெரு செங்கல் நிறத்தில் இருண்டு கிடந்தது. இங்கே அவள் வந்ததே இல்லை. படிகளை மட்டும் கேட்டுத் தெரியும். இவற்றைத் துடைத்துவிட்டு வந்து, இரவில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி அம்மா திட்டிய படிகள். அம்மா போன மாதம் செத்துப்போனாள்.

"வாங்க இன்ஜினியரம்மா," என்றாள் குமாஸ்தா இன்சாஃப், மேசைக் கணினியைக் காட்டி. "இந்தச் சனியன் நெனச்சா எழுந்திரிக்குது, நெனச்சா மண்டையப் போடுது."

ரிஹாப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கம்பியை மாற்றினாள். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் பொருத்தினாள். வேறு பவர் சப்ளை வைத்தாள். எழுந்தது. அணைத்துப் போட்டால் மறுபடி பிணம். பிறகு, காரணமே இல்லாமல், ஓடத் தொடங்கியது.

"உம்மு காயிப் துடைச்சிட்டு அமுக்கினா மட்டும் ஒரே அமுக்குல எழுந்திரும்," இன்சாஃப் சிரித்தாள். "எங்க கூட்டுற பொம்பள. பாவம், போன மாசம் போய்ச்சேர்ந்துட்டா."

ரிஹாபின் கை நின்றது. "அதென்ன பேரு?"

"பிள்ளை இல்லாதவள வேற எப்படிக் கூப்பிடுறது? இன்னும் வராத பிள்ளையோட அம்மான்னுதான். ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

பட்டம் வாங்கிய அன்று ரிஹாப்தான் சொன்னாள்: 'நான் உன் பொண்ணுன்னு நீ வேலை செய்யிற எடத்துல வாயத் திறக்காத.' அம்மா சரி என்றாள். இவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிடுவாள் என்று யார் கண்டது?

"தெரியாது," என்றாள்.

கணினி அணைந்தது.

இன்சாஃப் டீ போட உள்ளே போனாள். அப்போதுதான் அந்த வாடை எழுந்தது. குளோரின். பள்ளிக்கூட வாசலில் ரிஹாப் உதறிவிட்டு ஓடிய கையின் வாடை. அறையில் வாளி இல்லை.

புழுதி படிந்த திரையில் ஈரமாக ஒரு கோடு இழுபட்டது.

இடமிருந்து வலம். பிறகு வலமிருந்து இடம்.

துணி இல்லை. கையும் இல்லை.

"யம்மா," என்று வீட்டில் கூப்பிடுவதுபோலவே கிசுகிசுத்தாள்.

பொத்தானை யாரும் தொடவில்லை. கணினி எழுந்தது.

"யார்கிட்ட பேசுறீங்க?" தட்டும் கையுமாக வாசலில் இன்சாஃப்.

இப்போதாவது சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். தொண்டைவரை வந்தும்விட்டது. இன்சாஃபின் கண் அவள் முகத்திலிருந்து செருப்புவரை இறங்கி ஏறியது.

"யார்கிட்டயும் இல்ல."

திரை இருண்டது.

"போர்டு போச்சு. புதுசு வாங்கிடுங்க," என்று பையை அள்ளிக்கொண்டு வெளியேறினாள். டீயைத் தொடவில்லை.

செருப்பு முழுக்கப் புழுதி. இறங்கிய ஒவ்வொரு படியிலும் தடம் அழுத்தமாக விழுந்தது. கீழ்த் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

ஒரு தடம்கூட இல்லை.

மேலிருந்து படிப்படியாக ஈரம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் இங்கே வந்துபோனது யாருக்கும் தெரியாதபடி.