பூச்சு காயும் வரை

இரண்டாவது வண்டியின் இடப்பக்கக் கதவை வார்ப்பு அச்சிலிருந்து பிரித்து எடுத்தபோது, அதன் வெள்ளை முகப்பில் ஓர் உள்ளங்கை புடைத்துக்கொண்டு நின்றது. யாரோ கதவுக்குள் இருந்துகொண்டு வெளியே தள்ளியதைப் போல. சுந்தரபாண்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். ஐந்து விரல்களும் இருந்தன.

“அச்சுல குழி விழுந்திருக்கும்.”

போர்மேன் தங்கசாமி அச்சுக்குள் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தான். “ஒரு கீறல்கூட இல்ல அண்ணாச்சி. மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம், அப்படி இருக்கு.”

அச்சில் இல்லாதது வார்ப்பில் வராது. நாற்பது ஆண்டுகளாகப் பேருந்துக்குக் கூடு கட்டியவருக்கு அது தெரியாததல்ல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். வண்ணம் அடித்த பிறகு ஒன்றும் தெரியவில்லை.

இலஞ்சி சாலையில் இருந்த அந்தப் பட்டறை அவருடைய அப்பா கைலாசம் தொடங்கியது. அப்பாவின் நூறாவது பிறந்த நாளுக்காக, அவர் பெயரிலேயே ஒரு பந்தயக் காரைச் செய்ய இறங்கியிருந்தார்கள். எஞ்சின் வெளியிலிருந்து வந்தது. சட்டமும் ஃபைபர் கூடும் இங்கேயே. மகன் புவனேஷ் வரைந்து, செங்கோட்டை மலைப்பாதையில் மாதிரி வண்டியை மூன்று ஆண்டுகள் ஓட்டிச் சோதித்தான். மொத்தம் ஏழு வண்டிகள். ஏழாவது வந்ததும் அச்சை உடைத்துவிடுவதாகச் சுந்தரபாண்டி வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு வண்டிகள் வெளியாருக்கு. ஏழாவது வீட்டுக்கு, நூறாவது பிறந்த நாளன்று அது தென்காசிக் கோயில் வாசலில் மாலையோடு நிற்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் மூக்கிலும் பித்தளையில் ‘கைலாசம்’.

முதல் வண்டி ஒரு குறையும் இல்லாமல் வந்தது. அது வந்த நாளைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசுவதில்லை.

மூன்றாவது வண்டியில் இரண்டு கைகள் வந்தன. நான்காவதில் முழங்கை வரை. தங்கசாமி அதன் மேல் டார்ச் அடித்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “சுண்டுவெரலப் பாருங்க அண்ணாச்சி. வளைஞ்சிருக்கு.”

“தேய்லே.”

தேய்த்துவிட்டுப் போனவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

விவரம் அறியாத புவனேஷ் சிரித்தான். “கை மொளைச்சாச்சு. இப்படியே போனா ஏழாவது வண்டிக்குக் கால் மொளைச்சி, அதுவே கோயிலுக்கு நடந்து வந்துரும்ப்பா.”  ஐந்தாவதில் ஒரு நெற்றி. ஆறாவதில் வாய். திறந்திருந்தது.

திங்கட்கிழமைதோறும் கிறிஸ்டி வருவாள். பூச்சு வேலை பார்த்த எபனேசரின் மனைவி. அலுவலக வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு, உட்காராமல் நின்றே பேசுவாள்.

“அவுக வாயில ஒரு சொட்டு பட்டதில்ல. ஒங்களுக்கே தெரியும் அண்ணாச்சி. இப்ப மவளப் பொண்ணு கேட்டு வந்தவங்க, குடிச்சிட்டு அருவில விழுந்தவன் மவளான்னு எந்திரிச்சிப் போயிட்டாங்க. குடிக்க மாட்டான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்.”

“அவளுக்கு இங்கனயே ஒரு வேல போட்டுத் தாரேன் கிறிஸ்டி.”

“வேல வேண்டாம். அவுக பேரு வேணும்.”

மேசை மேல் ஏழாவது வண்டிக்கான பித்தளைப் பெயர் கிடந்தது. அவர் அதைத் திருப்பி நேராக வைத்தார். “நான் எப்படிம்மா சொல்ல முடியும்? நான் அங்கன இல்லையே.”

அவர் அங்கேதான் இருந்தார்.

அது சாரல் காலம். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு வெளிறிப் பூத்துவிடும் என்பதால் பூச்சு அறையை அடைத்து, நெடியை வெளியேற்றும் காற்றாடியை நிறுத்தி, சூடு விளக்குகளைப் போடச் சொன்னார். உள்ளே எபனேசர், சுண்டுவிரல் வளைந்த கையால் ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தான். இரும்புக் கதவைக் காற்று தள்ளாமல் இருக்க வெளியே தாழ் போட்டுவிட்டு, கதவுக்கு முதுகு காட்டி இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் முதல் கூட்டைப் பார்க்கத் தென்காசியிலிருந்து கிளம்பிவிட்டார்கள். அப்போதுதான் உள்ளிருந்து கதவு தட்டப்பட்டது. மூன்று முறை.

“பத்து நிமிஷம் பொறுலே. காயட்டும்.”

அதற்குப் பிறகு தட்டவில்லை. இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது கதவு ஏதோ பாரத்தில் இடித்து நின்றது. பூச்சு பளிங்கு போல இருந்தது.

குற்றாலத்தில் அன்று வெள்ளம், குளிக்கத் தடை. ஆள் நடமாட்டம் இல்லாத பாறைகளுக்குத் தங்கசாமிதான் ஜீப்பை ஓட்டினான். ஆனால் பிராந்தியை எபனேசரின் சட்டையில் ஊற்றியது சுந்தரபாண்டியின் கை. அப்பா பெயர் எழுதிய பட்டறையில் ஒருவன் அடைபட்டுச் செத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நாற்காலியை மறுநாளே பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்தார்.

ஏழாவது கூட்டுக்குப் பூச்சு அடித்த அன்றும் சாரல்தான். காலை பதினொரு மணிக்கே மலை மறைந்து, தகரக் கூரை மேல் யாரோ அரிசி புடைப்பது போல ஓயாமல் தூறிக்கொண்டிருந்தது. இந்த முறை கை எப்படி வருகிறது என்று தானே உள்ளே இருந்து பார்ப்பது என முடிவு செய்திருந்தார். முகமூடியை மாட்டிக்கொண்டார்.

“நீங்க எதுக்குப்பா உள்ள? வாசன தாங்காது,” என்றான் புவனேஷ்.

“காத்தாடி ஓடட்டும். நான் சொல்லுத வரைக்கும் கதவத் தொறக்காத.”

கதவு மூடியது. உள்ளே தொண்டையைக் கரகரக்க வைக்கும் பிசின் நெடி. சூடு விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் அச்சுக்குள் ஈரமாக மினுங்கும் வெள்ளை. மூலையில் தாளம் தப்பாமல் சுழலும் காற்றாடி. அதையெல்லாம் தாண்டிக் கூரை மேல் தூறல். அச்சின் கதவுப் பகுதியையே பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அரை மணி நேரம் ஆனது. வெள்ளை அப்படியே இருந்தது. கை இல்லை. விரல் இல்லை. அவருக்கு மூச்சு இலேசாக வந்தது. யாரோ விளையாடியிருக்கிறான். தங்கசாமிதான். நின்ற பிறகும் இரவில் வந்து போயிருப்பான். வேறு யார்?

காற்றாடி நின்றது.

விளக்குகள் எரிந்தன. காற்றாடி மட்டும் நின்றது. நெடி தரையிலிருந்து எழும்பி முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஏறியது. அதற்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. மலிவான பிராந்தி வாசனை. முகமூடியைத் தாண்டி வந்தது.

கதவுக்குப் போனார். இழுத்தார். தாழ் போட்டிருந்தது. தாழ் போடச் சொல்லவில்லையே.

“புவனேஷ்!”

தூறல்.

தட்டினார். ஒன்று. இரண்டு.

மூன்றாவது தட்டு அவர் தட்டியதல்ல.

அவருடைய கைக்குப் பக்கத்தில், அதே இரும்பில், இன்னொரு கை. நனைந்திருந்தது. சுண்டுவிரல் வளைந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

வெளியே இரும்பு நாற்காலி சிமென்டில் உரசும் சத்தம். பிறகு ஒரு குரல். நிதானமான குரல். நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை கேட்டுப் பழகிய, அவருடைய குரல்.

“பத்து நிமிஷம் பொறுலே. காயட்டும்.”

கதவின் சிறிய கண்ணாடிச் சில்லில் முகத்தை ஒட்டினார். வெள்ளைச் சட்டை. நரைத்த பிடரி. வளையாத முதுகு.

“அவன் குடிக்கல!” முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கத்தினார். “எபனேசர் குடிக்கல! நான் இங்கனதான் இருந்தேன்! தட்டுனது கேட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு!”

கண்ணாடியில் அவருடைய மூச்சு படிந்தது. துடைத்தார். மறுபடி படிந்தது. கால்கள் மடங்கின.

நாற்காலியில் இருந்தவர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பவில்லை.