அவிழ்க்காத முடிச்சு

பழந்துணிப் பேல்கட்டைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையைப் பதுருன்னிசா வெட்டியதும் உள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

அது வரக் கூடாத வாசனை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில் அவள் வருடக்கணக்காக வெளிநாட்டுப் பழந்துணி கிழிக்கிறாள். வெள்ளைக்காரன் துணியென்றால் அந்துருண்டையும் பூச்சிமருந்துப் புகையும் யாரோ எப்போதோ பூசிக்கொண்ட சென்ட்டும் கலந்த ஒரு செத்த நெடி, கப்பலில் ஒன்றரை மாதம் இறுகிக் கிடந்துவிட்டுக் கட்டைப் பிரித்ததும் மூக்கில் அறையும், அரைமணியில் பழகிவிடும். இந்தப் பேலோ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய பிள்ளையின் காலர் மாதிரி மணத்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

துறைமுகத்தில் வெயிலில் போட்டு வைத்திருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் இரண்டு நாளாக வெயிலே இல்லை. ஐப்பசி மழை தகரக் கூரையை விடாமல் இடித்துக்கொண்டிருந்தது. அந்தி மக்ரிப் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பக்கத்துக் கிடங்கில் இரும்புத் தகடுகளை இறக்கும் சத்தம் ஓய்ந்த இடைவெளிகளில், தூரத்திலிருந்து கடலின் உறுமல் வந்து போனது.

வெளிநாட்டுப் பழந்துணியைக் கிழிக்காமல் விற்கக் கூடாது என்பது சர்க்கார் சட்டம். நல்லதாகப் பொறுக்கி நாலு மூட்டையைக் கிழிக்காமலே பின்வாசல் வழியாக அனுப்புவது ஷெட் முதலாளி ஜஹாங்கீரின் சட்டம். அவனுக்கு இன்னொரு தொழிலும் உண்டு. துணி இறக்கும் கப்பல்காரர்களைக் கையில் போட்டுக்கொண்டு, அதே கப்பலில் ஆட்களை ஏற்றி அனுப்புவான். துணிக்காவது பில் உண்டு. போகிற பையன்களுக்குப் பாஸ்போர்ட்டும் இல்லை, விசாவும் இல்லை. இத்தாலியில் தோல் கம்பெனி வேலை என்பான். பதுருன்னிசாவின் ஒரே மகன் தப்ரேஸ் அன்று காலையில்தான் அவன் அனுப்பிய வேனில் ஏறிப் போயிருந்தான்.

அவள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒவ்வொரு பையனுக்கும் பயணக் காப்பாக இமாம் ஜாமீன் கட்டிவிட்டது அவள்தான். பச்சைத் துணியில் ஒரு காசை முடிந்து, சட்டைக் கையின் மேல் வலது புஜத்தில் கட்டுவாள். கட்டு நழுவாமல் இருக்க முடிச்சின் நுனியைப் பல்லால் இழுத்து இறுக்குவாள்; எப்போதும் கிராம்பு வைத்து வெற்றிலை போட்ட வாய், அதனால் எல்லா முடிச்சிலும் ஒரு சிவப்புக் கறை விழும். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து, அந்தக் காசை ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும். சேராத வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. இதில் சாதி மதம் பார்த்ததில்லை. எதிரே உட்கார்ந்து துணி கிழிக்கும் மலர்க்கொடியின் தம்பி டில்லிபாபுவுக்கும், ரம்ஜானுக்கு முன்னால், அவள்தான் கட்டினாள்; அன்று காலை தப்ரேஸுக்கும்.

முதலில் வந்தது ஒரு வெள்ளைச் சட்டை. அரிவாள்மணை போலத் தரையில் நிறுத்தியிருந்த கத்தியில் அதை வைக்கப் போனபோது, வலது கையில் ஏதோ தட்டியது.

பச்சைத் துணி. முடிச்சு. முடிச்சின் நுனியில், காய்ந்து பழுப்பேறிய ஒரு கறை.

"இன்னா பாயம்மா, குந்திக்கினே தூங்குறியா?" என்றாள் மலர்க்கொடி.

"ஒண்ணுமில்ல மலரு. கண்ல தூசி."

அடுத்த சட்டையை உருவினாள். அதன் கையிலும் பச்சை. அடுத்ததிலும். கிழித்துப் போட்டவை போல அவை தட்டையாகத் தொங்கவில்லை. முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் சட்டைக் கை உருண்டு நின்றது, உள்ளே இன்னும் ஒரு புஜம் இருப்பதைப் போல. பிறகு அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை வந்தது. பொங்கலுக்கு மலர்க்கொடி தம்பிக்கு எடுத்துக் கொடுத்தது, தெருவே பார்த்தது. பதுருன்னிசா அதைச் சட்டென்று தன் மடிக்கடியில் திணித்தாள்.

அவிழ்க்கவில்லை. ஒருத்தனும் அவிழ்க்கவில்லை.

சட்டையைத் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டு ஜஹாங்கீரின் அறைக்கு ஓடினாள். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பாய், என் புள்ள எங்க? வேனைத் திருப்பச் சொல்லு. அவன் போவ வேணாம்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? மத்தியானமே ஏத்தியாச்சி. கப்பலு கெளம்பிட்ச்சி."

"டில்லிபாபு போய்ச் சேந்துட்டான்னு சொன்னியே?"

"சேந்துட்டான். அதான் சொன்னேன்ல."

"சேந்தா இத்த அவுத்திருப்பானே!" சட்டையை விரித்து மேசைமேல் போட்டாள்.

அவன் திட்டுவான், இல்லையென்று சாதிப்பான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். சட்டையைத் தொடவே இல்லை. கேட்டது ஒன்றுதான்.

"அந்தப் பேல அடி வரைக்கும் பிரிச்சிட்டியா?"

"இல்ல."

"பிரிக்காத. மேல கீறத மட்டும் கிழிச்சிட்டு வூட்டுக்குப் போ. அடிக்குப் போவாத."

அவன் குரலில் அதட்டல் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. இவன் இதை முன்பே பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேனை அனுப்பியிருக்கிறான். அவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. கால்கள் ஏனோ ஷெட்டை நோக்கித் திரும்பின.

பாதி வழியில் கரண்ட் போனது.

மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். இந்தப் பேல் கப்பல் ஏறி ஒன்றரை மாதம் ஆகிறது. பட்டையை வெட்டியது நான்தான். அதற்குள் தப்ரேஸின் துணி இருக்க வழியே இல்லை. காலையில்தானே போனான். வழியே இல்லை. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

தேங்காய் எண்ணெய் வாசனை கூடியிருந்தது. வேர்வை வாசனையும்.

சர்ர். இருட்டில் துணி கிழிபடும் சத்தம்.

"மலரு? கிழிக்காத மலரு!"

"கையி பழகிப் போச்சி பாயம்மா, லைட்டு இன்னாத்துக்கு? உன் பேலயும் சேத்து அடி வரைக்கும் எடுத்துட்டேன்." சர்ர். மறுபடி சர்ர். பிறகு நின்றது. "இது ஒண்ணு மட்டும் அறுக்க மாட்டேங்குது. ஈரமா வேற கீது. கத்தில வெச்சா இழுத்துக்குது."

பதுருன்னிசா தவழ்ந்து போனாள். மலர்க்கொடியின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். விரல்கள் பொத்தான் பட்டியில் இறங்கின. முதல் பொத்தான். சின்னது. இரண்டாவது.

பெரியது. நேற்று வேறு கிடைக்காமல் அவளே தைத்தது.

வலது கை. பச்சைத் துணியின் முடிச்சு. தொட்டாள். நுனி நனைந்திருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

வெற்றிலை. கிராம்பு. அவளுடைய வாய்.

இன்னும் காயவில்லை.

"யாருதுமா அது?" என்றாள் மலர்க்கொடி.

பதுருன்னிசா அதை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். அவிழ்க்கக் கை வரவில்லை. முடிச்சுக்குக் கீழே, சட்டைக் கைக்குள், சூடாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. கத்தி பட்ட இடத்திலிருந்து அவள் மடி நனைந்துகொண்டே வந்தது.