ஜன்னல் இல்லாத அறையின் மகாராணி

"மகாராணியை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். எந்தப் பெண்ணைக் கேட்கிறான் என்று சுற்றிலும் பார்த்தாள். ஸ்கேன் மையத்தின் அடித்தளத்துக் காத்திருப்பு அறையில் அப்போது இருந்தது அவள், அவன், வாடிப்போன ஒரு செடி... அவ்வளவுதான்.

அவள் நெற்றி முடியிலிருந்து சொட்டிய துளிகளை அவன் பார்த்தான். "மழையா?" என்றான். ஜன்னலே இல்லாத இடத்தில் ஸ்கேன் எடுப்பவனுக்கு மழையும் வெயிலும் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும், பாவம்.

அவளுடைய அண்ணன் ஆபீஸ்களுக்குச் செடி வாடகைக்கு விடுகிறவர். இருட்டு அறைச் செடிகளை எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். வாடியது தோட்டத்துக்குத் திரும்பும், அதே அளவில் புதிது அங்கே போய் உட்காரும். ஆள் வருமுன் காதும் காதும் வைத்தாற்போல முடியும் வேலை. அன்று மழை தாமதமாக்கியதால் மாட்டிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். சிரித்துக்கொண்டே வேறு சொல்லிவிட்டாள்... "இது ஒன்பதாவது மகாராணி சார்."

அவன் முகம் வாடிவிட்டது. மகாராணி என்று பெயர் வைத்ததே அவன்தான். பயந்துபோய் ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் ஒன்றரை வருஷமாக அந்த அகன்ற பச்சை இலைகளைக் காட்டித்தான் பேசுவானாம். வெளிச்சமே இல்லை, ஆனாலும் எத்தனை தடவை சோர்ந்தாலும் ஒருநாள் காலையில் தானாக எழுந்து நிற்கிறாள் பாருங்கள் என்பானாம்.

"அத்தனை பேர்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேன்" என்றான். சாம்பல் நிற நிழல்களையே பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் சட்டென்று கலங்கின. அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. ஒரு செடிக்காகக் கலங்குகிற ஆண்பிள்ளையை அவள் செடிக்கடையிலேயே பார்த்ததில்லை.

புதிதாகக் கொண்டுவந்த செடியை இனி மாற்றக்கூடாது என்று அவன் அடம்பிடித்தான். அவளும் அண்ணனிடம் போய் அடம்பிடித்தாள். அவர் குதித்தார். வாடிக்கைக்காரர் இடத்தில் செடி செத்தால் தொழில் பெயர் என்னாவது? கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். நாலு மாதத்துக்குள் ஒரே ஒரு புது இலை வர வேண்டும். வராவிட்டால் பிளாஸ்டிக் செடிதான்.

வாரம் ஒருநாள் போய்ப் பார்ப்பது அவள் பொறுப்பு. தண்ணீர் வடியும் மண்ணாகப் போட்டாள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றச் சொன்னாள். ஈரத்துணியால் இலையைத் துடைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரே இலையின் இரு பக்கத்தையும் இருவரும் துடைக்கும்போது நடுவில் இலை மட்டுமே இருந்தது... அவள் அந்த இலையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் துடைத்தாள்.

"பாசத்துல தண்ணிய ஊத்திடாதீங்க."

"என் பாசத்தை நான் வெளிய காட்டுறதே இல்லைங்க" என்றான் அவன், அவளைப் பார்த்துக்கொண்டே. வண்டியைத் தள்ளுகிற சாக்கில் அவள் திரும்பிக்கொண்டாள்.

ஏழாவது வாரம் மூன்று இலைகள் மஞ்சளாகிவிட்டன. விரலை விட்டால் சேறு. அழுகல் வாடை.

எத்தனை குடம் ஊற்றினீர்கள் என்று கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை என்றான். மண் பொய் சொல்லாது என்றாள்.

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்க" என்றான் மெதுவாக. ஸ்கேன் அறைக்குள் போனான், கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளும் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. அந்த ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அண்ணனுக்குத் தெரிந்தது, காரணம் மட்டும் தெரியவில்லை. வேர் அழுகுகிறது என்று கேட்டதும், நாலு மாதம் வரை காத்திராமல் செடியை எடுத்துவிடச் சொல்லி, பிளாஸ்டிக் செடியை வண்டியில் ஏற்றிவிட்டார்.

அவள் போனபோது சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே நாற்காலியில் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு அம்மா பெரிய பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டுமே... அந்த அம்மா இரண்டு மடக்குக் குடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்தார்.

"குடிக்க முடியலம்மா" என்றார் மாட்டிக்கொண்ட குரலில். "செடியாவது குடிக்கட்டுமேன்னு..."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது மகாராணிகள்! ஈரத்துக்கும் இருட்டின் மேலேயே பழிபோட்டு, இருட்டில் மண் காயாது என்று அண்ணனும் தங்கையும் ஒன்றரை வருஷமாக நம்பியிருக்கிறார்கள்.

கதவு திறந்தது. நாலைந்து பேர் பார்க்க, அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என் மேலதான். நீங்க ஊத்தல. உங்களை நம்பாம பேசிட்டேன்... மன்னிச்சிடுங்க."

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் பழைய செய்தித்தாளை விரித்தான். இருவரும் உட்கார்ந்து அழுகிய வேர்களை வெட்டி, புது மண்ணில் நட்டார்கள். தொட்டி அவன் மேசைக்குப் பின்னால் போனது, பிளாஸ்டிக் செடி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. குடிக்க முடியாதவர்கள் தன்னிடம் சொல்லலாம், மெதுவாகக் குடித்தால் போதும், தான் காத்திருப்பதாக அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் சொன்னான்.

நாலாவது மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முனை எட்டிப் பார்த்தது. பென்சில் போலச் சுருண்ட இலை. மூன்றாம் நாள் அது விரிய விரிய, காத்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவன் தலை நிமிர்ந்து சொன்னான், இது இந்த அறையிலேயே பிழைத்த இலை என்று. இந்த முறை அது சத்தியமான வார்த்தை.

அண்ணனும் வந்தார். குனிந்து புது இலையைத் தொட்டுப் பார்த்தார். "பொழைச்சுட்டாளே" என்றார். மாற்றும் பட்டியலில் அந்த அறையை அடித்துவிட்டு, இனி இங்கே வேலை இல்லை, வா என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவள் பின்னால் போகவில்லை. வேலை இல்லை... அப்படியென்றால் இனி வர வேண்டியதில்லை. ஏற்கெனவே பளபளத்த இலையை அவள் மறுபடி துடைத்தாள்.

"இனிமே வர மாட்டீங்களா?"

"மாத்த வேண்டியதில்லையே..."

"செடிக்காக வர வேண்டாம். எனக்காக வாங்க." அவன் அவளை நேராகப் பார்த்தான். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் அடம்பிடிச்சதுல பாதி அதுக்காகத்தான்."

"பாதிதானா?"

"மீதி நிஜமாவே செடிக்குங்க."

அவள் சிரித்துவிட்டாள். இப்படி ஒரு சமயத்திலும் பொய் சொல்லத் தெரியாதவனையா சந்தேகப்பட்டாள்? நாற்காலிகளில் இருந்த எல்லோருக்கும் காது இங்கேதான். கேட்டால் கேட்கட்டும். படியில் நின்றுவிட்ட அண்ணனுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு. நாளைக்கு வர்றேன்."