பூங்கா மனையில் பின்னிய மட்டை

காலையில் அதே தெருப் பெரியவர் அப்பாதுரை வேலிக்கு மேலே தூக்கி எறிந்த தென்னை மட்டை, சாயங்காலம் பின்னிக் கிடந்தது.

கலையரசி தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எதிரே பூங்கா மனை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் இந்த நகரை மனை போட்டு விற்றபோது, வரைபடத்தில் பச்சை அடித்து, ஊஞ்சலும் சறுக்குமரமும் வரைந்து காட்டிய இடம். ஊஞ்சலும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. தெருக்காரர்கள் கழித்துப் போட்ட முருங்கைக் கிளையும் வாழைச் சருகும் காகிதப்பூ முள்ளும் மழையில் ஊறி, புளித்து, ஆள் உயரத்துக்கு எழும்பி, சூடான நாற்றத்தை ராப்பகலாக அவள் வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த மேட்டின் உச்சியில் புதுப் பச்சை மட்டை. ஓலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி, இடைவெளியே இல்லாமல், கைதேர்ந்த ஆள் பின்னியதுபோல் இருந்தது.

பச்சை ஓலையை யாரும் சும்மா பின்ன மாட்டார்கள். கோலியனூரில் சின்ன வயதில் விளையாட்டுக்குப் பின்னப் போனால்கூட அம்மா கையிலேயே ஒன்று போடுவாள். பச்சை மட்டை பின்னுவது பாடைக்குத்தான்.

வேலை வெட்டி இல்லாத எவனோ செய்திருப்பான் என்று நினைத்தாள். பயம் வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. ஐப்பசி மழையில் அந்தக் குப்பையிலிருந்து வந்த கட்டுவிரியன்தான் மகள் வேணியைக் கடித்தது. நாலு வயதுக் குழந்தை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்து வந்தாள். இன்னும் தூக்கத்தில் காலை உதறிக்கொண்டு அலறுகிறாள். தெருவே திரண்டு ஆப்பிளும் பிஸ்கட்டுமாக வந்து பார்த்தது. மறுநாளே அதே இடத்தில் செடியைக் கழித்துப் போட்டது. வெட்கம் கெட்ட ஜென்மங்கள். புருஷன் பார்த்திபனோ ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில். வாரக் கடைசியில் வந்து, "யார்கிட்டயும் சண்டைக்குப் போவாத" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அன்றைக்குப் போனாள். அப்பாதுரை கேட்டுக்குள் நின்று பைப்பில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, எங்க புள்ள பொழைச்சதே பெரிசு. அங்க போடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"அது பொது எடம்மா. இன்னா, உன் பேர்ல பட்டா இருக்குதா?"

"குப்பை வண்டி வர்ற அன்னிக்குக் குடுங்க. நானே இஸ்துகினு போய் ஏத்தறேன்."

"வண்டிக்காரன் மட்டைய எடுக்க மாட்டேன்றான். உனுக்குப் பேஜாரா இருந்தா ஜன்னல சாத்திக்க, போ."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகப் பூங்கா மனைக்குள் போய், முழங்கால் வரை அழுகல் ஏற, அந்த மட்டையின் அடியைப் பிடித்து இழுத்தாள். மட்டைக்குரிய கனமில்லை அது. யாரோ மேலே படுத்துக்கொண்டு வருவதுபோல் கனத்தது. தெருவிளக்கு போடுவதற்குள் அப்பாதுரையின் கேட்டில் குறுக்காகப் போட்டுவிட்டுத் திரும்பினாள். எதற்கான மட்டை என்று தெரிந்துதான் போட்டாள். போய்த் தொலையட்டும் கிழவன் என்று மனதாரச் சொன்னாள்.

விடியும்போது மேளச் சத்தம் கேட்டது.

குளிக்கப் போன இடத்தில் அப்பாதுரை விழுந்தவர்தான், எழுந்திருக்கவில்லையாம். மரக்காணத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பாடை கட்ட வந்த ஆள் கேட்டருகே குனிந்து, "ஒரு மட்டை ரெடியா பின்னியே கீதுப்பா, நல்லதாப் போச்சு" என்றான். யார் பின்னியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கலையரசி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

தற்செயல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வயசான மனுஷன், பிரஷர் இருந்திருக்கும். ஆனால் கருமாதி முடிந்த கையோடு, வாடின மாலைகளையும் வாழைமரத்தையும் அவர் வீட்டார் கொண்டுபோய்க் கொட்டியது எங்கே? அதே பூங்கா மனையில். கலையரசிக்குப் பரிதாபம் மறுபடி கோபமாகத் திரிந்தது. செத்தும் அடங்கவில்லையே இந்தக் குடும்பம்!

அந்த வாரமே ஒரு சாயங்காலம், மழை விட்டு, கரண்ட் போயிருந்த நேரம். வேணி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். குப்பை மேட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. காற்று இல்லை. ஆனாலும் சரக், சரக் என்று ஓலை ஓலையை உரசிற்று. நிதானமாக. நிறுத்தி நிறுத்தி.

ஜன்னலுக்குப் போனாள்.

மாலைகளுக்கு நடுவே இன்னொரு பச்சை மட்டை. பின்னல் பாதியோடு நின்றிருந்தது. மீதி ஓலைகள் விரிந்து தொங்கின. பின்னிய அளவைக் கண்ணால் அளந்தாள். அவள் இடுப்புக்குமேல் வராது. வேணியின் உயரம்.

"ஐயோ, எம்புள்ள, எம்புள்ள" என்று வாய்விட்டே சொன்னாள். அங்கேயே கிடந்தால் சாவு தன் வீட்டுக்குத்தான். எதிர்வீடு தன் வீடுதானே. எடுத்துவிட வேண்டும். எங்கே போடுவது?

காகிதப்பூச் செடிதான் உடனே ஞாபகம் வந்தது. பாம்பு வந்த அன்றைக்குக் குப்பையில் கிடந்தது சூர்யகலா வீட்டுக் காகிதப்பூக் கழிவு. "பாம்புக்கு நான் இன்னா பண்ணுவேன்க்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவள். அவளுக்கும் ஒரு பிள்ளை, அறிவுச்செல்வன். வேணி வயசு. வேணி உயரம்.

யோசித்தாள் என்று சொன்னால் பொய். கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டாள். இறங்கினாள். இழுத்தாள். சேறு, முள், பிணமாலை வாசனை. மட்டை இந்த முறையும் கனத்தது. சூர்யகலா வீட்டு வாசலில் போடும்போது உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் அந்தப் பையன் உரக்க அம்மா, ஆடு, இலை சொல்லிக்கொண்டிருந்தான். கலையரசி காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

தெருமுனையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் உறைத்தது.

குழந்தைக்கு யார் பாடை கட்டுகிறார்கள்?

கட்டுகிற வழக்கமே இல்லை. கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைப்பார்கள். மட்டையும் கிடையாது, மேளமும் கிடையாது. இது அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். பயம் மறக்கடித்துவிட்டது. அப்படியானால் அது குழந்தை அளவு இல்லை. பெரிய ஆளுக்குத்தான். இன்னும் பின்னி முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வேணிக்கு இல்லை. என் வேணிக்கு இல்லை.

அப்புறம் அந்தப் பையனின் குரல் நினைவுக்கு வந்தது. அவன் அம்மா போய்விட்டால்? அவமானம் பிடுங்கித் தின்றது. எடுத்துவிடலாம் என்று திரும்பி ஓடினாள்.

சூர்யகலா வீட்டு வாசலில் மட்டை இல்லை.

ஈரத் தரையில் இழுத்த தடம் இருந்தது. அவள் இழுத்து வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, புதிதாக. அது திரும்பிப் போயிருந்தது. தெருவைக் கடந்து. பூங்கா மனையைக் கடந்து.

அவள் வீட்டுக்கு.

தடத்தின் மேலேயே வீட்டுக்கு ஓடினாள். சரக். சரக்.

"அம்மா!" ஜன்னல் கம்பியில் வேணியின் முகம் தெரிந்தது. "அம்மா, வாசல்ல தாத்தா குந்திக்கினு கீறாரு. உன்னிய எங்கன்னு கேக்கறாரு."

"உள்ள போ! வேணி, உள்ள போடீ!"

தாழ்ப்பாள் போட்ட கதவுக்கும் அவளுக்கும் நடுவே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். தலையைச் சுற்றித் தாடைக்கு வெள்ளைத் துணிக்கட்டு. கால் கட்டைவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஓலைமேல் ஓலை. ஓலைமேல் ஓலை.

கை நின்றது.

அப்பாதுரை திரும்பினார். மூக்கில் பஞ்சு. கலையரசியை உச்சந்தலையிலிருந்து பாதம்வரை, அவசரமே இல்லாமல் பார்த்தார். பிறகு மட்டைமேல் சாண் போட்டு அளந்தார்.

கொஞ்சம் குறைந்தது. அடுத்த ஓலையை எடுத்தார்.