விசிறி நின்ற பிறகு

கணினி செத்துப்போன பிறகுதான் அந்த அறையில் இன்னொரு சத்தமும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மேசைக்கடியில் இருந்த பெட்டியின் விசிறி காலையில் இரையத் தொடங்கினால் பல் மருத்துவமனையைப் பூட்டும்வரை ஓயாது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டு, அது தன் மூச்சைப் போல, இருப்பதே தெரியாத ஒன்றாகிவிட்டிருந்தது. இப்போது விசிறி இல்லை. அது இருந்த இடத்தில், மிக மெல்லியதாக, ஈர மணலில் செருப்பை வைத்துத் திருகுவது போல ஒன்று. நறநற. கொஞ்சம் ஓயும். மறுபடி நறநற. யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது போல.

"என்ன கண்ணு, இன்னும் கிளம்பலியா?" துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெரியக்கா கேட்டாள். கூட்டித் துடைக்கிற வேலை அவளுடையது. உருவம் சின்னது, குரலுக்காக வந்த பெயர் பெரியக்கா.

"இல்லக்கா. இத சரி பண்ணிட்டுத்தான் போகணும்."

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"சரியானப்புறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்."

"சரியாகலைன்னா?" கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பெரியக்காவே இறங்கிவந்தாள். "அதையும் காலையில சொல்லிக்கோ. அந்தம்மா இன்னிக்காவது நிம்மதியா தூங்கட்டும்."

"அக்கா, உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

பெரியக்கா கழுத்தைச் சாய்த்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "என் வயிறுதான் கத்துது. நான் வரேன். ஷட்டரப் பாதி இறக்கி விடறேன், பேய் பிசாசு உள்ள வராம." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள். ஷட்டர் கரகரவென்று இறங்கியது. தெருவின் மாலை வெளிச்சம் தரையில் ஒரு முழ அகலப் பட்டையாகச் சுருங்கியது.

மதியம் நடந்தது இதுதான். சில நாளாகவே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் ஒரு மஞ்சள் கட்டம் வந்துகொண்டிருந்தது. திரையில் எதுவும் தோன்றும் முன்பே கணினியைத் தட்டி எழுப்பி, நீ இன்னார், உன் கண் இங்கே, உன் கை இங்கே என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல்தான் ஃபர்ம்வேர். வேலை முடிந்து அவள் போகும் கணினி பழுதுபார்ப்பு வகுப்பில் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தாள். நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்துப் புதுப்பித்தலைத் தொடங்கினாள். 'எழுதப்படுகிறது, அணைக்காதீர்கள்' என்றது திரை. அணைக்கக் கூடாது, அணைக்கக் கூடாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. ஒருமுறை காற்றழுத்த இயந்திரம் சூடேறிப் புகைந்ததிலிருந்து, சாப்பிடப் போகும்முன் எல்லாச் சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது டாக்டரம்மா போட்ட சட்டம். இடமிருந்து வலமாக, ஒன்று விடாமல். அவளுடைய விரல் தினமும் செய்கிற வேலை. இன்றும் செய்தது. மேசைக்கடியில் விசிறி ஓய்ந்தபோது அவள் விரல் கடைசிச் சுவிட்சின் மேல் இருந்தது.

தப்பைக்கூட வரிசையாகத்தான் செய்வேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

நாளைக் காலை, இங்கே சிகிச்சைக்கு வரும் கணக்கு வாத்தியார் தன் படங்களை வாங்கிப்போக வருவார். தாடையில் வளர்ந்திருக்கும் கட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் நாளைக்கே எடுக்கப்போகிறார்கள். எங்கே வெட்டலாம், நரம்பு எங்கே ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ரே படங்கள் இந்தப் பெட்டிக்குள் இருந்தன. அவற்றைத் திறக்கும் மென்பொருள் இந்தப் பெட்டியின் மதர்போர்டோடு, அதன் தாய்ப்பலகையோடு, பிணைக்கப்பட்டது; வேறெந்தக் கணினியிலும் ஓடாது. நேற்றே படங்களைக் குறுந்தகட்டில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டது அவள்தான். இந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க மாதக்கணக்காகும். வாத்தியாரால் இப்போதே தண்ணீர்கூட ஒழுங்காக விழுங்க முடியவில்லை. கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டே, "ஒண்ணும் அவசரமில்லம்மா, நீ மெதுவாப் பாரு" என்று சொல்கிற மனிதர்.

அவள் வகுப்புத் தோழனை அழைத்தாள். சட்டைப் பையில் எந்நேரமும் திருப்புளியோடு திரிவதால் அவனுக்கு ஸ்க்ரூ என்று பெயர். பாடம் முடியும்போதெல்லாம் கையைத் தூக்குவதால் அவளுக்கு அவன் வைத்த பெயர் சந்தேகம்.

"சொல்லு சந்தேகம். என்னத்த உடைச்ச?"

சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"பூராவும் போயிருக்காது," என்றான் கடைசியில். "அழியாத ஒரு துண்டு உள்ள இருக்கும். பென்டிரைவ்ல சரியான ஃபைல் இருந்தா அது தானா எடுத்து எழுதிக்கும். முதல்ல கரென்ட்ட புடுங்கு. ஹார்டு டிஸ்க்கக் கழட்டித் தனியா வை, வாத்தியார் படத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. போர்டுல வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், அதையும் எடு. ஃபைல இறக்கிட்டுக் கூப்புடு."

மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினாள். தூசியின் உலர்ந்த வாடையும், அதற்கடியில் அந்த மருத்துவமனையில் எல்லாவற்றிலும் ஊறிப்போயிருக்கும் கிராம்பு எண்ணெயின் காரமும் வந்தன. கைபேசி வெளிச்சத்தில் போர்டின் எண்ணைப் படித்தாள். மறுபடி படித்தாள். ஓர் எழுத்து மாறினால்கூடத் தப்பான கோப்பு. தப்பான கோப்பு என்றால் எல்லாம் முடிந்தது. கைபேசியிலேயே கோப்பை இறக்கிப் பென்டிரைவுக்கு மாற்றினாள். வட்டப் பேட்டரியை எடுத்தாள். வன்தட்டைக் கழற்றி மேசைமேல் ஒரு துணியில் வைத்தாள்.

நறநற.

எழுந்து எக்ஸ்ரே அறைக்குப் போனாள். நோயாளி நின்று முகவாயைப் பொருத்திக்கொண்டால் தலையைச் சுற்றி மெதுவாக வலம் வரும் இயந்திரக் கை, அணைக்கப்பட்டு, பாதிச் சுற்றில் நின்றிருந்தது. அதன் நிழல் சுவரில் ஒரு கொக்கியைப் போல விழுந்திருந்தது. காதை இயந்திரத்தின் மேல் வைத்தாள். குளிர்ந்த உலோகம். சத்தம் அங்கிருந்து வரவில்லை. ஆனால் அங்கே அது குறையவும் இல்லை. கழுவு தொட்டியருகில் போனாள். அதே அளவு. ஷட்டருக்கடியில் குனிந்து தெருவில் தலையை நீட்டினாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, எதிர்க்கடையில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு குழந்தை பலூனுக்கு அழுதது. அத்தனைக்கும் அடியில், கொஞ்சமும் தேயாமல், நறநற.

உள்ளே திரும்பியபோது கைபேசி அடித்தது.

"ஃபைல் ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. பேர் மாத்தணுமா?"

"ஆமா. பெரிய எழுத்துல, போர்டு கம்பெனிக்காரன் சொன்ன மாதிரியே. பின்னாடி வெள்ளைக் கோடு போட்ட ஓட்டைலதான் சொருகணும்." அவன் நிறுத்தினான். "சந்தேகம், என்மேல கோவமா?"

"இல்லியே, ஏன்?"

"அப்புறம் ஏன் இப்படிப் பல்லக் கடிக்கிற? காதெல்லாம் கூசுது."

அவள் விரலால் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள்.

"விளையாட்டுக்குச் சொன்னேன். பதட்டப்படாத. ஆரம்பிச்சதும் கைய கட்டிக்கிட்டு உக்காந்துடு. வீடே இடிஞ்சாலும் கரென்ட்ட மட்டும் தொடாத. இந்தத் தடவை பாதியில நின்னா அந்தத் துண்டும் போயிடும். நம்ம கிளாஸ் சார்கிட்ட கொண்டு போனாலும் ஒண்ணும் பண்ண முடியாது. சரி, என் பஸ் வந்துடுச்சு."

இணைப்பு அறுந்தது.

அவள் மெதுவாக நாக்கை நீட்டி, மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவில் வைத்தாள். கடித்தால் நாக்கு சொல்லிவிடும். நாக்கு அங்கேயே கிடந்தது, நனைந்து, கடிபடாமல். சத்தம் வந்தது. இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கிப் பொத்தினாள். தெரு மறைந்தது. எதிர்க்கடைத் திட்டு மறைந்தது.

நறநற மட்டும் பெரிதானது.

களைப்பு, என்று நினைத்தாள். மதியம் சாப்பிடவில்லை. காலையில் ஏதாவது மருத்துவரைப் பார்க்கலாம். இப்போது வாத்தியாரின் படம். பேட்டரியைப் பொருத்தினாள். கோப்பின் பெயரை மாற்றி, பென்டிரைவை வெள்ளைக் கோட்டு ஓட்டையில் சொருகினாள். மின்கம்பியை மாட்டி, பொத்தானை அழுத்தினாள்.

விசிறி சுழன்றது. அந்த இரைச்சல் எழுந்து மற்ற எல்லாவற்றையும் மூடியபோது அவளுக்கு அழுகையே வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு அடியில் ஒரு மெல்லிய வெள்ளைப் பட்டை. அதன் மேல் எழுத்துகள்: எழுதப்படுகிறது. அணைக்காதீர்கள்.

சரியான கோப்புதான். கையைக் கட்டிக்கொண்டாள்.

பட்டை எறும்பு ஊர்வது போல வளர்ந்தது. திரையின் உச்சியிலும் ஏதோ வளர்ந்தது. முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. கம்பெனியின் சின்னமாக இருக்கும் என்று நினைத்தாள். பட்டை வலப்பக்கம் நகர நகர, சாம்பல் வரிவரியாகக் கீழே இறங்கியது. ஒரு வளைவு. இரண்டு இருட்டுக் குழிகள். நடுவே ஒரு பிளவு.

எத்தனையோ தடவை பார்த்த படம். எக்ஸ்ரே.

வாத்தியாருடையதா? சந்தோஷமாகக் குனிந்தவள் அப்படியே நின்றாள். வன்தட்டு மேசைமேல் துணியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு கம்பிகூடப் பெட்டிக்குள் போகவில்லை. படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. இந்தப் படம் எங்கிருந்து வருகிறது?

இடப்பக்கக் காதருகே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தோடு. எக்ஸ்ரே எடுக்கும்முன் எல்லோரையும் தோட்டைக் கழற்றச் சொல்வது அவள் வேலை. யாருடைய படத்திலும் தோடு இருக்காது. இந்தப் படத்தில் ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் இல்லை. அவள் கை தானாகவே காதுக்குப் போனது. இன்று காலை, பேருந்து நெரிசலில், வலப்பக்கத் தோடு எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

திரையில், காதருகே, விரல் எலும்புகள் வந்து நின்றன.

கையை எடுத்தாள். அவையும் போயின.

எக்ஸ்ரே அறையைத் திரும்பிப் பார்த்தாள். இயந்திரக் கை பாதிச் சுற்றிலேயே நின்றிருந்தது. விளக்கு இல்லை. அசைவு இல்லை. திரையில் மேல்பற்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

மேசைக்கடியில் கையை விட்டாள். சுவிட்ச் விரலில் பட்டது. ஒரு தட்டு. போதும். எல்லாம் அணைந்துவிடும். வாத்தியார் கைக்குட்டையோடு வந்து நிற்பார். ஒண்ணும் அவசரமில்லம்மா என்பார். அந்தக் கட்டி அவர் வாய்க்குள் இன்னும் சில மாதம் வளரும்.

பட்டை பாதியைத் தாண்டியிருந்தது.

கீழ்ப்பற்கள் வந்தன. அவளுடையவைதான். பின்னால் படுத்துக்கிடக்கும் ஞானப்பல். பற்களுக்கு உள்பக்கம், நாக்கு மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில், வெளுப்பாக ஏதோ. ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. கணுக்கணுவாக. அங்கே எலும்பு கிடையாது. யாருக்கும் கிடையாது.

அவள் வாயைத் திறக்கவில்லை. உதடுகளை இறுக்கினாள். நாக்கால் தடவிப் பார்த்தாள். எதுவும் தட்டுப்படவில்லை. எச்சில். பற்கள். அவ்வளவுதான்.

இன்னும் ஒரு வரி இறங்கியது. மெலிந்த, நீளமான விரல்கள். தொண்டையிலிருந்து ஏறி வந்திருந்தன. மதிலைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்க வருபவருடையதைப் போல, உள்ளிருந்து, கீழ்ப்பல் வரிசையின் விளிம்பைப் பிடித்திருந்தன. பிடி இறுகியது. தளர்ந்தது. இறுகியது. ஒவ்வொரு இறுக்கத்துக்கும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசின.

அணை. அணைத்துவிடு.

விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது. பட்டையில் மிச்சம் நகக்கண் அளவு. பாதியில் நின்றால் ஒன்றும் பண்ண முடியாது. பாதியில் நிறுத்தியது மதியமும் அவள்தான். இந்த ஒரு தடவை. வாத்தியாருக்காக. இன்னும் கொஞ்சம். இன்னும் ஒரே ஒரு—

விரலை எடுத்துவிட்டாள்.

பட்டை நிறைந்தது. சுருக்கமாக ஒரு 'பீப்'. எழுதி முடிந்தது என்றது திரை. எல்லாம் சரியாகிவிட்டது. காலையில் படங்கள் கிடைக்கும்.

அந்தப் படம் மட்டும் போகவில்லை.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் அவளுடைய விரல் எலும்புகள் வெளியிலிருந்து தாடையை அழுத்திப் பிடித்தன. அவற்றுக்குப் பின்னால், பற்களுக்கு அந்தப்பக்கம், மற்ற விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை மாற்றி வைத்துக்கொண்டன.

அவள் உள்ளங்கைகளுக்கு அடியில், மெதுவாக, கீழ்த்தாடை இறங்கத் தொடங்கியது.